குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து நீவி விடுவது: சேலத்துத் தாய்மார்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை

பிரசவ வார்டில் 25 வருஷத்துக்கு மேல் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது சேலத்தில் அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை, கன்னங்குறிச்சி பக்கமும், மாதத்தில் இரண்டு நாள் ஏற்காட்டு மலைக்கிராமங்களிலும், புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்குக் குழந்தையைத் தேய்த்து விடச் சொல்லிக் கொடுக்கிறேன். என் பையில் எப்போதும் ஒரு துணிப் பொம்மை இருக்கும். கனம் தெரியட்டும் என்று உள்ளே 3 கிலோ அரிசி போட்டுத் தைத்திருக்கிறேன். நான் பொம்மைக்குச் செய்து காட்டுவேன், அம்மா தன் குழந்தைக்குச் செய்வாள். அவள் குழந்தையை நான் தேய்க்க மாட்டேன். எந்த ஊரில் போய் உட்கார்ந்தாலும் சந்தேகம் என்னவோ ஒன்றேதான். அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

எங்க ஆயா காலத்துல இருந்து பண்றதுதானே சிஸ்டர், இதுக்கு எதுக்கு வகுப்பு?

உண்மைதான், இது நம் வீட்டுச் சரக்கு. வெளிநாட்டுக்காரர்களே நம்மிடம்தான் கற்றுக்கொண்டு போனார்கள். ஃபிரெடெரிக் லெபோயே என்ற பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர், கல்கத்தாவில் சாந்தலா என்ற தாய் தன் குழந்தையைத் தேய்ப்பதைப் பார்த்துப் படம் எடுத்து, 1976-ல் அதைப் புத்தகமாகவே போட்டார். பிரேசிலில் இன்றைக்கும் குழந்தை மசாஜுக்கு ‘சாந்தலா’ என்றுதான் பெயர். விமலா மெக்ளூர் என்ற அமெரிக்கப் பெண் 1973-ல் வட இந்தியாவில் ஓர் அநாதை இல்லத்தில் வேலை பார்த்தபோது இதைக் கற்றுக்கொண்டு, ஊருக்குத் திரும்பிப் போய் மற்ற தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

ஆனால் இங்கே அந்தக் கைப்பழக்கம் ஒரு தலைமுறை விட்டுப் போய்விட்டது. அதில் என் பங்கும் உண்டு. வார்டில் இருந்தபோது மூக்கில் எண்ணெய் விட்டு நிமோனியாவோடு வந்த குழந்தைகளைப் பார்த்துப் பயந்து, “எண்ணெயே தொடாதீங்க” என்று எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். தலையாட்டிவிட்டுப் போனவர்களில் பாதிப் பேர் வீட்டில் பழையபடியேதான் செய்தார்கள், என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். மீதிப் பேர் குழந்தையைத் தொடவே பயந்தார்கள். இரண்டுமே கெடுதல். எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதை விட வேண்டும் என்று பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். அதைத்தான் இப்போது செய்கிறேன்.

எத்தனை நாள்ல இருந்து எண்ணெய் தேய்க்கலாம்?

தொடுவதற்கு நாள் பார்க்க வேண்டாம். பிறந்த அன்றே குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் போட்டுக்கொண்டு முதுகைத் தடவி விடலாம். எண்ணெய் வைத்து முழு உடம்பும் தேய்ப்பதைத் தொப்புள்கொடி விழுந்து, அந்த இடம் நன்றாகக் காய்ந்த பிறகு ஆரம்பியுங்கள். கொடி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் விழுந்துவிடும். அதுவரை தொப்புளில் எண்ணெய், சாம்பல், மஞ்சள் எதுவும் வைக்கக் கூடாது. முதல் குளியலுக்கும் அவசரம் இல்லை. குறைந்தது 24 மணி நேரம் கழித்துக் குளிப்பாட்டினால் போதும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

என்ன எண்ணெய் நல்லது? செக்கு எண்ணெயா, ஆலிவ் ஆயிலா, கடையில விக்கிற பேபி ஆயிலா?

வாசனை சேர்க்காத தேங்காய் எண்ணெய் போதும். ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி. கிண்ணம் நிறைய வேண்டாம். கை வழுக்கிக்கொண்டு போகவும், தோலில் உராய்வு இல்லாமல் இருக்கவும்தான் எண்ணெய். எலும்புக்குள் இறங்கி பலம் தரும் என்பதெல்லாம் இல்லை.

ஆலிவ் எண்ணெய் விலை அதிகம், அதனால் உசத்தி என்று நினைக்கிறார்கள். அதில் ஓலிக் அமிலம் அதிகம். அது தோலின் மேற்பூச்சைத் தளர்த்திவிடக் கூடும். தோல் வறண்டு சொறி வருகிற குழந்தைக்கு அது வேண்டாம். கடுகெண்ணெயும் எரிச்சல் தரும். விளக்கெண்ணெய் பிசுபிசுவென்று கையைப் பிடித்து இழுக்கும், அதனால் நம்மை அறியாமல் அழுத்தித் தேய்ப்போம். எந்த எண்ணெயானாலும் முதல் நாள் முழங்கைக்கு உள்பக்கம் ஒரு சொட்டு தடவி, மறுநாள் வரை சிவக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தேயுங்கள்.

பால் குடிச்ச உடனே பண்ணலாமா? எந்த நேரம் நல்லது?

பால் குடித்து முக்கால் மணி நேரமாவது ஆகட்டும், இல்லாவிட்டால் கக்கிவிடும். பசியோடு இருக்கும்போதும் வேண்டாம். காலையா மாலையா என்று கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், குழந்தையைப் பாருங்கள். கண்ணை அகல விழித்துக்கொண்டு, கை கால் ஆட்டாமல், உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு சும்மா கிடக்கும் ஒரு நேரம் ஒவ்வொரு நாளும் வரும். அதுதான் நேரம்.

எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கணும்? ஒரு தடவை வரிசையா சொல்லுங்களேன்.

முதலில் உங்கள் கையைப் பாருங்கள். நகம் வெட்டி, மோதிரம், வளையல் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தையின் காலில் கொலுசோ தண்டையோ இருந்தால் அதையும் கழற்றுங்கள். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு அழகுதான், ஆனால் திருகாணியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, அதன் ஓரம் கணுக்காலில் கோடு போட்டிருப்பதை எத்தனையோ குழந்தைகளிடம் பார்த்திருக்கிறேன். அரைஞாண் கயிறு இருக்கலாம். தேய்த்து முடித்ததும் அதற்கு அடியில் ஈரம் நிற்காமல் துடையுங்கள்.

எண்ணெயைக் கையில் ஊற்றி இரண்டு உள்ளங்கையையும் குழந்தையின் காதுப் பக்கம் வைத்து உரசுங்கள். “தேய்க்கட்டுமா சாமி?” என்று கேளுங்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகவே கேட்கச் சொல்கிறேன். ஒரே வாரத்தில் அந்தச் சத்தம் கேட்டதும் குழந்தை கால்களைத் தளர விடும். காலில் ஆரம்பியுங்கள். துணி மாற்றும்போதெல்லாம் கால்தான் தொடப்பட்டுப் பழகியிருக்கும், அதனால் அங்கே பயம் குறைவு. ஒரு கையால் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தொடையிலிருந்து பாதம் வரை நீளமாக ஓட்டுங்கள். மூட்டில் அழுத்தாமல் மேலாகத் தாண்டுங்கள். உள்ளங்காலைக் கட்டை விரலால் குதிகாலிலிருந்து விரல் பக்கம் நீவுங்கள். அப்புறம் வயிறு, நெஞ்சு, கை. கையை நெஞ்சோடு மடக்கி வைத்திருந்தால் பிரிக்க வேண்டாம், மடங்கியபடியே தேயுங்கள். முகத்துக்கு எண்ணெயைத் துடைத்துவிட்டு விரல் நுனியால் நெற்றியும் கன்னமும் மட்டும். கடைசியாகத் தொடை மேல் குப்புறப் போட்டு முதுகு. முதல் வாரம் 5 நிமிஷம், பழகிய பிறகு 10 முதல் 15.

தேய்த்த கையோடு குழந்தையைத் தூக்காதீர்கள், வழுக்கும். துண்டில் சுற்றித் தூக்குங்கள்.

எவ்வளவு அழுத்தணும்னு தெரியல. பயமா இருக்கு.

நம் ஊர் மல்கோவா பழுத்திருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்ப்போமே, அந்த அளவு. உள்ளே இருக்கும் மெத்து தெரிய வேண்டும், மேலே விரல் பதியக் கூடாது. ரொம்ப லேசாகத் தடவினால் கூச்சம் எடுத்து உதறும். தோல் சிவந்து, சிவப்பு அப்படியே நின்றால் அழுத்தம் அதிகம்.

நீவுவது வேறு, உருவுவது வேறு. கை கால்களைப் பிடித்து இழுத்துச் சொடுக்கு எடுப்பது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி ஆட்டுவது, வலது கையையும் இடது காலையும் வலுக்கட்டாயமாகச் சேர்ப்பது எல்லாம் உருவுகிற ரகம். அதை அடியோடு விடுங்கள்.

கை வச்சதுமே அழறான். பழகுற வரைக்கும் அழட்டும்னு விடலாமா?

விடக் கூடாது. அழுவதற்கு முன்னாலேயே குழந்தை சொல்லிவிடும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பும், கை விரல்களை விசிறி மாதிரி விரிக்கும், விக்கல் எடுக்கும், முதுகை வில்லாக வளைக்கும், தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறும். அப்போது கையை எடுக்காமல் அப்படியே அசையாமல் வைத்திருங்கள். தணிந்தால் தொடருங்கள், இல்லாவிட்டால் போர்த்தித் தூக்கிக்கொள்ளுங்கள், நாளைக்குப் பார்க்கலாம். கத்தக் கத்தத் தேய்த்தால் தன் பேச்சை யாரும் கேட்கவில்லை என்பது அதற்குப் பதிந்துவிடும். வேண்டாம் என்றதும் கை நின்றது என்பதை அது தெரிந்துகொள்ள வேண்டும். தேய்த்து விடுவதில் எனக்கு முக்கியமே இதுதான்.

எனக்கு ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. காலை நீட்டி கீழ உக்கார முடியல.

நம் பாட்டிகள் காலை நீட்டி உட்கார்ந்து கணுக்கால் மேல் குழந்தையைக் கிடத்திக்கொள்வது அருமையான வழி. குழந்தை உருளாது, கண்ணுக்குக் கண் தெரியும். தையல் இருக்கும்போது அதற்குக் குனிய வேண்டாம். கட்டிலில் சுவரோரம் தலையணை வைத்துச் சாய்ந்து, முழங்காலை மடக்கி, தொடைச் சரிவில் குழந்தையைச் சாய்த்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் வரை தூக்குவது, குளிப்பாட்டுவது எல்லாம் வேறு ஆள் செய்யட்டும், தேய்ப்பது மட்டும் உங்கள் கையாக இருக்கட்டும். அப்பா தேய்க்கலாமா என்று கூடவே கேட்பார்கள். தாராளமாக. அகலமான கை, ஒரே வீச்சில் முதுகு முழுதும் அடங்கும்.

தறி வேலை செஞ்சு கை சொரசொரன்னு இருக்கு. பாப்பாவுக்குக் கீறாதா?

இதை அம்மாப்பேட்டையில் தறிக்காரப் பெண்ணும் கேட்டாள், ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கிற பெண்ணும் கேட்டாள். இரண்டு பேருமே கையைப் பின்னால் மறைத்துக்கொண்டுதான் கேட்டார்கள். கீறாது. எண்ணெய் போட்டு உங்கள் கையையே நன்றாக உரசிக்கொண்டு, விரல் நுனியை விட்டுவிட்டு உள்ளங்கையால் தேயுங்கள். பழம் பறிக்கிற பெண் அப்படிச் செய்தபோது அவள் பெண் குழந்தை வாயை லேசாகத் திறந்தபடி அசையாமல் கிடந்தது. நான் பொம்மையை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எஸ்டேட்டில் மருந்து அடித்துவிட்டு வந்தாலோ, வெள்ளிப் பட்டறையில் திராவகம் தொட்டுவிட்டு வந்தாலோ மட்டும், குளித்துச் சேலை மாற்றிய பிறகுதான் குழந்தையைத் தொட வேண்டும்.

ஏற்காட்டுல எண்ணெயே உறைஞ்சு போகுது. குளிர்ல துணி கழட்டலாமா?

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், மார்கழியில் மலை மேல் அது கல்லு மாதிரி இருக்கும். கிண்ணத்தை அடுப்பில் வைக்காதீர்கள். சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து இளக்கி, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மதியம் வெயில் ஏறிய பிறகு, கதவு ஜன்னல் சாத்தி, தேய்க்கிற அங்கத்தை மட்டும் திறந்து மற்றதைப் போர்த்தி வையுங்கள். கால் முடிந்ததும் காலை மூடுங்கள். அடுப்படியில் கதகதப்பாக இருக்கிறதே என்று அங்கே கொண்டு போகாதீர்கள், விறகுப் புகை குழந்தைக்கு ஆகாது. சாம்பிராணிப் புகைக்கும் இதே பதில்தான்.

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்கு வந்தால் கதை தலைகீழ். சித்திரை, வைகாசியில் எண்ணெய் அரைத் தேக்கரண்டி போதும். கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கில் எண்ணெய் நின்றால் வேர்க்குரு வரும். குளிப்பாட்டும்போது அந்த இடங்களைக் கழுவித் துணியால் ஒற்றி எடுங்கள். பவுடர் கொட்டாதீர்கள், அந்தத் தூசி மூச்சில் போகும்.

ராத்திரி ஆனா வயிறு உப்பிக்கிட்டு அழறா. வயித்துக்கு எப்படித் தேய்க்கறது?

குழந்தை உங்களுக்கு எதிரே படுத்திருக்கும்போது, உங்கள் பார்வையில் கடிகார முள் போகிற பக்கம் வட்டமாக. பெருங்குடல் குழந்தையின் வலப்பக்கம் ஏறி, குறுக்கே போய், இடப்பக்கம் இறங்குகிறது. காற்றும் மலமும் போகிற பாதை அது. நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே இருந்து அடிவயிறு வரை ஒரு கை மாற்றி ஒரு கை நீவலாம். அப்புறம் இரண்டு முழங்காலையும் மெதுவாக வயிற்றோடு சேர்த்து, ஐந்து எண்ணி விடுங்கள். இதை அழும்போது செய்யாமல், சாயந்திரமே அமைதியாக இருக்கும் நேரத்தில் செய்துவிடுங்கள்.

வசம்பு சுட்டு உரைத்து ஊட்டாதீர்கள். ஆறு மாதம் வரை உள்ளே போக வேண்டியது தாய்ப்பால் மட்டும்.

தடுப்பூசி போட்ட அன்னைக்கு? மஞ்சக்காமாலை இருக்கும்போது?

6, 10, 14 வாரத்தில் தொடையில் ஊசி போடுவார்கள். அந்தத் தொடையை இரண்டு நாள் தொடாதீர்கள், மற்ற இடம் தேய்க்கலாம். காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். பிறந்தவுடன் இடது தோளில் போட்ட பி.சி.ஜி. ஊசி சில வாரம் கழித்துக் கொப்புளமாகி ஆறும். அதன் மேல் எண்ணெய் பட வேண்டாம். மஞ்சள் காமாலைக்கு எண்ணெயும் காலை வெயிலும் வைத்தியம் ஆகாது. உள்ளங்கால் வரை மஞ்சள் தெரிந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எட்டு மாசத்துல பொறந்தான், எடை கம்மி. தேய்ச்சா எடை ஏறுமாமே?

அதற்கு ஓர் ஆராய்ச்சி உண்டு. அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்டு என்பவரும் அவர் கூட இருந்தவர்களும் 1986-ல் வெளியிட்டது. குறைமாதக் குழந்தைகளுக்கு 10 நாள், தினம் மூன்று தடவை, தடவைக்கு 15 நிமிஷம் நீவி விட்டதில், நீவாத குழந்தைகளை விட நாளொன்றுக்கு 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறியது. ஆனால் அது ஆஸ்பத்திரியில், உடல்நிலை சீரான குழந்தைகளுக்கு, பழகிய கைகள் செய்தது.

பிறந்த எடை 2.5 கிலோவுக்குக் குறைவு என்றால் குழந்தைக்கு உடம்புச் சூடு நிற்காது. துணி கழற்றி எண்ணெய் தேய்ப்பதை விட, தோலோடு தோலாக நெஞ்சில் அணைத்து வைக்கும் கங்காரு முறைதான் முதலில். கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாமல் 1978-ல் ஆரம்பித்தது அது. இன்று நம் அரசு ஆஸ்பத்திரிகளிலும் கற்றுத் தருகிறார்கள். டாக்டர் சரி என்ற பிறகு எண்ணெய்க்கு வாருங்கள்.

குளிப்பாட்ட வர்ற பாட்டி மூக்குலயும் காதுலயும் எண்ணெய் விடறாங்க, தொண்டைக்குள்ள விரல் விட்டு சளி எடுக்கறாங்க, மார்புல பால் பிதுக்கறாங்க. இதெல்லாம் பரவாயில்லையா?

இதில் ஒன்றுகூடப் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. எண்ணெய் வழுவழுப்பாக இருப்பதால், புரை ஏறியதே தெரியாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். நுரையீரலுக்கு அதைக் கரைத்து வெளியே தள்ளத் தெரியாது; நிமோனியா வரும். முதல் பதிலில் நான் சொன்ன குழந்தைகளுக்கு நேர்ந்தது அதுதான். தொண்டைக்குள் விரல் விட்டால் புண்ணாகும், நகத்து அழுக்கு உள்ளே போகும்.

மார்பு வீங்கிச் சொட்டுப் பால் வருவது, அம்மாவின் ஹார்மோன் குழந்தையின் ரத்தத்தில் இருப்பதால். ஆண் குழந்தைக்கும் வரும். சில வாரத்தில் தானே வற்றும். பிதுக்கினால்தான் கட்டியாகிச் சீழ் வைக்கும்.

மூக்கைப் புடிச்சு விட்டா எடுப்பா வருமா? தலையை உருட்டணுமா? கால் வளைஞ்சிருக்கே?

மூக்கு உங்கள் வீட்டு மூக்குதான், பிடித்து விட்டு மாற்ற முடியாது. தலை பிரசவத்தில் அமுங்கியிருந்தால் வாரக்கணக்கில் தானே உருண்டுவிடும். உச்சிக்குழி மேல் எண்ணெய் தொட்டு வைப்பதில் தப்பில்லை, அழுத்துவதுதான் தப்பு. முன்பக்க உச்சி மூட ஒன்றரை வயது வரைகூட ஆகும். ஒரே பக்கம் படுத்துத் தட்டையானால், விழித்திருக்கும்போது நீங்கள் பார்க்கப் பார்க்கக் குப்புறப் போடுங்கள்.

வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்த கால் வளைந்துதான் இருக்கும். நடை பழகி, இரண்டு வயது வாக்கில் நிமிரும். அதை நேராக்குகிறேன் என்று இரண்டு காலையும் சேர்த்து நீட்டித் துணியால் கட்டுவது ஆபத்து. இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத குழந்தைக்குப் பந்து கிண்ணத்தை விட்டு விலகிவிடும். தேய்க்கும்போது ஒரு தொடை மற்றதைப் போல் விரியவில்லை என்றாலோ, ஒரு கால் குட்டையாகத் தெரிந்தாலோ, கழுத்து எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். தினம் தேய்க்கிற கைக்குத்தான் இது முதலில் தெரியும்.

உரம் விழுந்திருக்குன்னு சொல்றாங்க. சேலையில போட்டு உருட்டினா சரியாயிடும்னு…

தூக்கும்போது சுளுக்கியதாக நினைத்து, இரண்டு பேர் சேலையைப் பிடித்துக் குழந்தையை உருட்டுவார்கள். வேண்டாம். அந்த அழுகைக்குக் காதுவலி, குடலிறக்கம், எலும்பு முறிவு என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். விட்டு விட்டு வீறிட்டு, காலை வயிற்றுக்கு இழுத்து, வாந்தி எடுத்து, ஜெல்லி மாதிரி ரத்தத்தோடு மலம் போனால் அது குடல் செருகல். உருட்டிப் பார்க்க நேரமில்லை, 108-ஐக் கூப்பிடுங்கள்.

இதையெல்லாம் மாமியார்கிட்ட எப்படிச் சொல்றது? சண்டை வந்துடும் சிஸ்டர்.

நீங்கள் சொல்ல வேண்டாம், வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு வீட்டில் எழுபது வயது ஆயா ஒருவர் மூலையில் உட்கார்ந்து, கடைசி வரை வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், “அப்ப எங்க காலத்துல பண்ணதெல்லாம் தப்பா அம்மணி?” என்றார். பொம்மையை அவர் மடியில் வைத்தேன். அந்தக் கை அதன் முதுகில் இறங்கிய விதம் எனக்கு இன்னும் வரவில்லை. “கையில தப்பே இல்லீங்க ஆயா, மூக்குல ஊத்தறதை மட்டும் விட்டுருங்க” என்றேன். அதன் பிறகு அவர் மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

எத்தனை வயசு வரைக்கும் தேய்க்கணும்?

தவழ ஆரம்பித்ததும் நழுவி ஓடும். உட்கார்ந்தபடி, நின்றபடி, ஒரு கால் மட்டும் என்று கிடைத்த அளவு போதும். போதும் என்று அதுவே ஒரு நாள் சொல்லும்.

தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். எனக்குக் குழந்தையைத் தொடவே தோணல. எல்லாரும் பாசமா தேய்க்கறாங்க, எனக்கு மட்டும் ஒண்ணுமே வரல.

இதை யாரும் எல்லோர் முன்னாலும் கேட்பதில்லை. நான் செருப்பு போடும்போது வாசல் வரை வந்து கேட்பார்கள். தப்பாக நினைக்க இதில் எதுவும் இல்லை. பிரசவமான முதல் இரண்டு வாரம் அழுகை அழுகையாக வருவது நிறையப் பேருக்கு உண்டு, தானே தெளியும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் இல்லை, எதிலும் ஒட்டுதல் இல்லை, குழந்தையைப் பார்த்தால் வெறுமை என்றால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. இரத்தசோகை மாதிரி அதுவும் ஒரு நோய், சிகிச்சை உண்டு. பிரசவம் பார்த்த டாக்டரிடமோ கிராம சுகாதார நர்சிடமோ இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். 104-க்கோ, மனநல உதவிக்கென்றே இருக்கும் 14416-க்கோ போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினால் ஒரு நிமிஷமும் தனியாக இருக்காதீர்கள், வீட்டில் யாரையாவது எழுப்பிச் சொல்லுங்கள்.

அதுவரை முழு உடம்பும் தேய்க்க வேண்டியதில்லை. நான் மேலே சொன்ன வரிசையை மறந்துவிடுங்கள். பாசம் வருகிறதா என்று உங்களைச் சோதிக்கவும் வேண்டாம். குழந்தை தூங்கி எழுந்து சும்மா கிடக்கும்போது ஒரு பாதத்தை மட்டும் உள்ளங்கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணெய்கூட வேண்டாம். அந்தக் கால் கதகதப்பாகிற வரை பிடித்திருங்கள், பிறகு வைத்துவிடுங்கள். நாளைக்கு மறு பாதம்.